முதல் கரு கலைந்த பிறகு திரும்பவும் முழுகாமல் இருக்கிறேன், அடிவயிறு இழுக்கிறது. என்ன செய்வது?

தங்கச்சி, ஆறாவது வாரம், அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, நாரியும் உளைகிறது, போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் எங்கள் வளவுக் கக்கூசுதான் நினைவுக்கு வந்தது. மாங்குளத்திலிருந்து உள்ளே போகவேண்டும் எங்கள் வீட்டுக்கு. இரண்டாந்தரம் முழுகாமல் இருந்தபோது இரவில் டோர்ச்சோடு போய், உடுப்பில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். ஒரே இரவில் ஐந்து தடவைகூடப் போயிருக்கிறேன்.

முதல்தரம், மூன்று மாதம் முடியும்வரை வாய் திறக்காதே, கண்ணூறு பட்டுவிடும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, குடும்பநல மாதுவுக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் அநேகமாகக் கரு தங்கியிராது. ஆரம்பத்தில் கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறுதான் காரணம். சைக்கிள் ஓடினதோ கிணற்றில் தண்ணீர் அள்ளினதோ இல்லை. ஆனால் அந்த வலியோடு தனியாகக் கிடந்திருக்க மாட்டேன்.

இரண்டாந்தரம் நாள் தள்ளிய கிழமையே மாதுவுக்குச் சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தவர், ஹெல்மெட்டைத் திண்ணையில் வைத்த கையோடு கேட்டார்: ஒரு பக்கம் மட்டும் வலிக்குதா? இரத்தம் படுதா? தலை சுற்றுதா? மூன்றுக்கும் இல்லை என்றேன். கர்ப்பப்பை பெருக்கும்போது மாதவிடாய் வலி போல வந்து வந்து போகும், மலச்சிக்கலாலும் இழுக்கும் என்றார். வலி வந்த நேரத்தைக் கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால், பாதி வலி வயிறு சரியாகப் போகாத நாட்களில்தான்!

ஆனால் வலி ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டு போனாலோ, தோள்மூட்டு நுனியில் நொந்தாலோ, மயக்கம் வந்தாலோ, கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருக்கக்கூடும். அப்படியானாலும், இரத்தம் நிறையப் போனாலும், காய்ச்சல் அடித்தாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கொஞ்சமாகப் பட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள். சாதாரண வலிக்குப் பனடோல் போடலாம், இபுபுரூபன் வேண்டாம்.

ஸ்கானில் இப்போதே இதயத் துடிப்புத் தெரியாவிட்டால் இடிந்துபோகாதீர்கள். எனக்கு முதல் ஸ்கானில் கரு இருக்கும் பை மட்டும்தான் தெரிந்தது. பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சின்னத் துடிப்பைக் காட்டினார்கள்.

சரி, இன்றைக்கே உங்கள் குடும்பநல மாதுவுக்கு அழைப்பு எடுத்து, போன தடவை நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொந்தக்காரருக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.