பாடநூலை மாற்றினால் மாணவர்களின் தேவை நிறைவேறிவிடுமா?

பாதிதான் நிறைவேறும். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. வண்ணப் படங்கள், செல்போனில் ஸ்கேன் செய்ய க்யூஆர் கோடு என்று நல்ல மாற்றம்தான். ஆனால் தேர்வில் எது வருமோ அதைத்தான் வகுப்பில் நடத்துவார்கள். முன்பு பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடும் வகைநுண்கணிதத்தின் (கால்குலஸ்) அடிப்படையே பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமலே வந்த பிள்ளைகள் பொறியியல் முதல் செமஸ்டரிலேயே திணறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. சுமை குறைந்தது, சரி. அந்தக் குறுக்குவழி திரும்பாமல் பார்த்துக்கொள்வது இப்போது பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு.