முடக்குவாதம்: டிஎன்எஃப் ஒன்றைத் தடுத்தால் போதுமா?

மூட்டு வீக்கத்தில் எத்தனையோ வேதிப்பொருள்கள் சுரக்கும்போது, வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் (TNF) என்ற ஒரு புரதத்தை மட்டும் தடுத்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். 1980களின் இறுதியில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி குழுவினர் நோயாளிகளின் மூட்டு உட்சவ்வுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, டிஎன்எஃபை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு வேதிப்பொருளான இன்டர்லூக்கின்-1 உற்பத்தியும் கூடவே சரிந்தது! ஆக, டிஎன்எஃப் கும்பலில் ஒருவன் அல்ல, மற்றவர்களை ஏவிவிடுகிற ஆள்.

1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு, டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசி மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்தபோது வீக்கம் வேகமாகத் தணிந்தது. மருந்தை நிறுத்தியதும் திரும்பியது. வேரறுக்கும் மருந்தல்ல இது. அப்புறம், காசநோய்க் கிருமியை அடக்கிவைக்க உடலுக்கு டிஎன்எஃப் தேவை. அதனால்தான் ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.