ஒரே சாவியும் தொலைந்துவிட்டது, 24,000 ரூபாய்க்கு எங்கே போவது?

கேள்வி: மேலூரில் பூக்கடை வைத்திருக்கிறேன், கல்யாண மண்டப அலங்காரமும் எடுத்துச் செய்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் 2019 மாடல் கார் வாங்கினேன், பட்டன் ஸ்டார்ட் வண்டி. வாங்கும்போதே அவர் ஒரு சாவிதான் கொடுத்தார். போன முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போனபோது கூட்டத்தில் அந்தச் சாவியும் எங்கேயோ விழுந்துவிட்டது. ரெக்கவரி வண்டிக்கு 2,500 கொடுத்து காரை வீட்டுக்கு இழுத்துவந்தேன். சர்வீஸ் சென்டரில் சாவி 11,200, பூட்டுகளை மாற்ற லாக் செட் 9,800, சாவியை வண்டியோடு இணைக்கும் கோடிங்கும் கூலியும் 3,000, வரியோடு சேர்த்து 24,000 என்கிறார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாவிக்கடைக்காரர் 6,500க்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். மாதம் 3,000 வீதம் 14 மாதமாக ஆர்.டி. கட்டிவருகிறேன். அதை உடைப்பதா, கிரெடிட் கார்டில் போடுவதா, மனைவியின் வளையலை அடகு வைப்பதா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: பணத்தை எங்கே புரட்டுவது என்பதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பெரிய தொகை இந்த 24,000 இல்லை. பாலிசியை எடுத்து ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 2019 வண்டிக்கு அங்கே சில லட்சமாவது இருக்கும், வண்டி திருடு போனால் கம்பெனி அதிகபட்சம் தரக்கூடிய பணம் அதுதான். திருட்டு கிளெய்ம் என்று போய் நின்றால் அவர்கள் முதலிலேயே கேட்பது வண்டியின் இரண்டு சாவிகளையும்தான். ஒன்றை மட்டும் நீட்டினால் இன்னொன்று எங்கே, யாரிடம் இருக்கிறது, வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்று விசாரணை நீளும், கிளெய்ம் தள்ளிப்போகும், மறுக்கவும் செய்வார்கள். உங்களிடம் இரண்டாவது சாவி வந்ததே இல்லை, முதல் சாவியும் மார்க்கெட்டில் போய்விட்டது, இதற்கெல்லாம் இன்றைக்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால் சாவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

தொலைந்த இடம் மாட்டுத்தாவணி, ஆகவே அந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் மனு கொடுங்கள். சாவி தொலைந்ததற்கெல்லாம் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், மனுவைப் பதிவு செய்ததற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், அதைக் கேட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள். மனுவில் வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், எந்தத் தேதி, சுமார் எத்தனை மணி, மார்க்கெட்டில் எந்தப் பக்கம் என்பதோடு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "இந்த வாகனத்தை நான் வாங்கியபோது ஒரே ஒரு சாவி மட்டுமே கொடுக்கப்பட்டது." விற்றவர் தெரிந்தவர்தானே, அவரிடமும் இதையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் வீட்டு பீரோவில் இரண்டாவது சாவி கிடக்கிறதா என்று அப்படியே கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் உங்கள் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்புறம் சி.எஸ்.ஆர். நகலை இணைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். ஏஜெண்டிடம் போனில் சொன்னது எதற்கும் ஆதாரமாக நிற்காது.

அடுத்து பாலிசி. முதலில் அது யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்.சி.யை மாற்றிவிட்டு இன்சூரன்ஸைப் பழைய ஓனர் பேரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தொடரும், உங்கள் வண்டிக்கான ஓன் டேமேஜ் பாதுகாப்பு தானாக உங்கள் பேருக்கு வராது, பெயர் மாற்றிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்யவில்லை என்றால் சாவியைக் காட்டிலும் அவசரமான வேலை அதுதான், நாளைக்கே முடியுங்கள்.

பேர் சரியாக இருந்தால் ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்புகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் சாவி தொலைந்ததற்குப் பணம் வராது, வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் பேச்சே இல்லை. 'கீ ரீப்ளேஸ்மென்ட்' அல்லது 'கீ புரொடெக்ட்' மாதிரி ஒரு பெயரில் தனி ஆட்-ஆன் இருந்தால்தான் சாவி, கோடிங், தேவைப்பட்டால் லாக் செட் இவற்றுக்குக் கிடைக்கும், அதுவும் பாலிசியில் போட்டிருக்கும் வரம்புக்குள். வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்ற நிபந்தனையும் இருக்கும். போலீஸ் மனு கேட்பார்கள், ஜி.எஸ்.டி. பில் கேட்பார்கள். இந்தக் கிளெய்மினால் நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பதிலை மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த போனஸ், கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகிற தள்ளுபடி, 35, 45 என்ற படியில் நிற்பவர் சின்னத் தொகைக்காக அதை இழக்கக் கூடாது. வழியில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்திருந்தால் அந்த 2,500 மிச்சமாகியிருக்கும், இப்போது வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருவோம். விலை ஏன் இவ்வளவு என்றால், சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது, வண்டியில் இருக்கும் இம்மொபிலைசர் அந்த சிப்பை அடையாளம் கண்டால்தான் இஞ்சின் உயிர்பெறும். வேலை செய்கிற சாவி ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சுலபம். ஒன்றுமே இல்லை என்றால் சேஸிஸ் நம்பர், ஆர்.சி., அடையாளச் சான்று எல்லாம் கொடுத்து கம்பெனியிலிருந்து வரவழைத்து ஆரம்பத்திலிருந்து கோடிங் போட வேண்டும், பணமும் கூடும், நாளும் ஆகும்.

எஸ்டிமேட்டில் எனக்கு உறுத்துவது அந்த லாக் செட் 9,800. தொலைந்த சாவியை வண்டியின் மெமரியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. உள்ளே இருக்கும் இரும்புச் சாவியை வைத்துக் கதவைத் திறக்க முடியும், அவ்வளவுதான். சாவிக்கொத்தில் உங்கள் கடை கார்டோ வண்டி நம்பரோ தொங்கவில்லை, காருக்குள் பணம் காசு வைக்கும் பழக்கமும் இல்லை என்றால் லாக் செட்டை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக இரண்டு சாவி போடுங்கள். கணக்கைப் பாருங்கள்: சாவி இரண்டு 22,400, கோடிங்கும் கூலியும் 3,000, மொத்தம் 25,400. அவர்கள் சொன்னதைவிட 1,400தான் கூட, ஆனால் வீட்டில் ஒரு சாவி பத்திரமாக இருக்கும். ஒரே நேரத்தில் கோடிங் போடுவதால் கூலி ஒரு தடவைதான் என்பதையும், வேறு எந்தப் பாகமும் மாற்ற வேண்டியதில்லை என்பதையும் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சாவிக்கடைக்காரரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆட்-ஆன் இருந்தால் சர்வீஸ் சென்டர், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆட்-ஆன் இல்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் 25,000 கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். அவரிடம் பழைய சாவியை அழித்துத் தருவாரா, இரண்டு சாவிக்கு என்ன விலை, பில் உண்டா, இரண்டு வாரத்தில் மக்கர் செய்தால் திரும்பப் பார்த்துத் தருவாரா என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால், உங்கள் வாசலில் வைத்தே வேலை நடக்கட்டும், பாதிப் பணத்தை எல்லாக் கதவையும் டிக்கியையும் திறந்து, ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு கொடுங்கள். அழிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் வேண்டாம்.

கடைசியாகப் பணம். அடுத்த முகூர்த்தத்தின் அலங்காரப் பணம் கார்டின் கெடு தேதிக்குள் நிச்சயம் வந்துவிடும் என்றால் கார்டில் போட்டு முழுசாகக் கட்டிவிடுங்கள், வட்டியே இல்லை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கார்டைத் தொடாதீர்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தாலே 24,000க்கு 840 ரூபாய் வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இ.எம்.ஐ.யாக மாற்றினால் வட்டி குறையும், ஆனால் பிராசஸிங் கட்டணமும் அதே ஜி.எஸ்.டி.யும் வந்து உட்காரும். வளையல் வேண்டவே வேண்டாம். இந்தத் தொகைக்கு அடகுக் கடைப் படி ஏறினால் மீட்கும் நாள் தள்ளிக்கொண்டே போகும், பூ வியாபாரத்தில் ஆடியும் மார்கழியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.டி.யில் 42,000 சேர்ந்திருக்கிறது. அதன் மேலேயே கடன் தருவார்களா என்று பேங்கில் கேளுங்கள், ஆர்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும், சேமிப்பும் நிற்காது. தர மாட்டோம் என்றால் உடைத்துவிடுங்கள். முன்கூட்டி முடிப்பதற்காக வட்டியில் 1 சதவீதம் குறைத்தாலும், மாதாமாதம் கட்டிய பணம் என்பதால் அந்த அபராதம் 300 ரூபாயைத் தாண்டாது. மீதி வரும் 16,000 சொச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் அதே கவுண்டரில் டெபாசிட்டாகப் போட்டு, 3,000 ஆர்.டி.யையும் அன்றைக்கே புதிதாகத் தொடங்குங்கள். இன்சூரன்ஸ் ரினியூவல் வரும்போது சாவி ஆட்-ஆனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள், பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான், உங்கள் மாதிரி பட்டன் ஸ்டார்ட் வண்டிக்குப் போட்டுவைக்கலாம்.