ரோல் பார் போடலாமா? கிழக்கு வாசகர்களின் கேள்விகள்

வழக்கமாக எஞ்சின் சூடு, பிரேக் சத்தம் என்றுதான் கேட்பீர்கள். இந்த முறை வந்ததில் பாதி ரோல் பார், ரோல் கேஜ் பற்றியது. கார் புரண்டால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய் வளைவுதான் ரோல் பார்; அதே குழாய்களால் ஆட்களைச் சுற்றிக் கூடு போலக் கட்டினால் ரோல் கேஜ். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

கேள்வி: என்னிடம் துணிக்கூரை வைத்த பழைய மஸ்டா ரோட்ஸ்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாசிக்குடா வரை ஓட்டுவேன். புரண்டால் முன்கண்ணாடிச் சட்டம் தாங்காது என்கிறார்கள். முழு கேஜ் போடவா, பார் போதுமா? (கல்லடி)

பதில்: பார் போதும். உங்கள் பயம் நியாயமானதுதான். கார் பெரும்பாலும் தார் ரோட்டின் நடுவில் புரள்வதில்லை. சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணைக் கடித்த பிறகுதான் புரளும். நம் பக்கம் வயலுக்கு நடுவே உயர்த்திப் போட்ட ரோடு, மழையில் இளகிய ஓரம், இருட்டில் படுத்திருக்கும் மாடு எல்லாம் அதற்குத் தோதானவை.

ஆனால் முழு கேஜின் குழாய் கதவுக்கு மேலே, உங்கள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடும். கார்ப் போட்டிக்காரர் தலைக்கவசம் போட்டு, ஐந்தாறு பட்டிகளால் இருக்கையோடு கட்டுண்டிருப்பார். நீங்கள் சாதாரண சீட் பெல்ட்டோடு, வெறுந்தலையோடு போகிறீர்கள். சந்தியில் ஒரு முச்சக்கர வண்டி பக்கவாட்டில் இடித்தாலே போதும், கார் புரளாமலே மண்டை இரும்பில் அடிபடும். அதனால் இருக்கைகளுக்குப் பின்னால் ஒற்றை வளைவு, அதைப் பின்னோக்கித் தாங்க இரண்டு நேரான கால்கள், நடுவே குறுக்காக ஒரு குழாய். அவ்வளவுதான். குறுக்குக் குழாய் அழகைக் கெடுக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வளைவு பக்கவாட்டில் சாய்ந்து மடியும்.

பிறகு தும்புத்தடிக் கம்பை எடுத்து வளைவின் உச்சியிலும் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் சாத்தி, வழக்கம்போல உட்காருங்கள். தலை கம்புக்கு 5 சென்ரிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் ரோட்ஸ்டரில் இந்தச் சோதனையில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். பாரை உயர்த்தினால் துணிக்கூரை மூடாது. இருக்கையைத் தாழ்த்துவதுதான் வழி.

வேலை தொடங்க முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: மச்சான் கேட், கிறில் செய்பவர். ஜிஐ பைப்பிலோ எவர்சில்வரிலோ இரண்டு நாளில் செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா அண்ணன்? (அக்கரைப்பற்று)

பதில்: மச்சானின் கைவேலையைக் குறை சொல்லவில்லை. குழாய்தான் பிழை. ஜிஐ பைப் தண்ணீர் ஓடவும் பந்தல் போடவும் வந்தது. ஒட்டும்போது அதன் பூச்சிலிருந்து வரும் துத்தநாகப் புகை மச்சானுக்கும் கூடாது. எவர்சில்வர் அலங்காரக் குழாயோ மினுங்கும், ஆனால் மெல்லியது.

போட்டிக் கார்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ, பிரதான வளைவுக்குக் கேட்பது குளிர்நிலையில் இழுத்த, நீளவாட்டில் ஒட்டில்லாத கார்பன் உருக்குக் குழாய். விட்டம் 45 மில்லிமீற்றர் என்றால் தடிப்பு 2.5; விட்டம் 50 என்றால் தடிப்பு 2. நீங்கள் போட்டிக்குப் போகவில்லை, சரி. ஆனாலும் உங்களைத் தாங்கப்போவது இதே குழாய்தான். 45க்கு 2.5 குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ வரும். கடைக்காரர் தருவதைத் தராசில் போட்டாலே தடிப்பில் பொய் இருந்தால் தெரிந்துவிடும்.

மணல் நிரப்பி, நெருப்புக் காட்டி வளைப்பது நம்மூர் வழக்கம். இதற்கு அது கூடாது. குளிர இழுத்ததால் ஏறிய பலம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். வளைக்கும் மெசினில், சூடு காட்டாமல், வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் 3 மடங்குக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். வளைவில் நசுங்கி முட்டை வடிவம் எடுத்த துண்டை மச்சானிடமே கொடுத்துவிடுங்கள், கேட்டுக்கு உதவும்.

கடைசியாக, கால் ஊன்றும் இடம். என் முதல் பாரில் நானே விட்ட பிழை இது. தரையில் துளை போட்டு, கீழே பெரிய வொஷர் வைத்து இறுக்கிவிட்டுப் பெருமையாக ஓடித் திரிந்தேன். இரண்டு வருடம் கழித்துக் கார்பெட்டைத் தூக்கினால், துளைகளைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்பு. கார் புரண்டிருந்தால் பார் தரையைக் குத்திக்கொண்டு வெளியே போயிருக்கும். கார்த் தரை ஒரு மில்லிமீற்றரை ஒட்டிய தகடுதானே. ஒவ்வொரு காலுக்கும் 3 மில்லிமீற்றர் தடிப்பில், குறைந்தது 120 சதுர சென்ரிமீற்றர் தாங்கு தகடு வேண்டும். 8.8 தர போல்ட், 8 மில்லிமீற்றருக்குக் குறையாமல், காலுக்கு மூன்று.

உங்களுக்கும் கல்லடித் தம்பிக்கும் சேர்த்து ஒன்று. கடற்காற்றும் மாரி மழையும் சேர்ந்தால் ஈரம் தேங்குவது கார்பெட்டுக்குக் கீழே, அந்தத் தகட்டைச் சுற்றித்தான். தை மாதம் மழை விட்டதும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பொஞ்சைப் பாருக்குச் சுற்றினால் போதாதா? (ஏறாவூர்)

பதில்: போதாது. பெருவிரலால் அமத்திப் பாருங்கள், இரும்பு தட்டுப்படும். தலையும் அப்படித்தான் போய்த் தட்டும். ரோல் பாருக்கென்றே வரும் உறை கட்டியாக, கிட்டத்தட்ட மரம் போல இருக்கும். அதுவும் தலைக்கவசத்தை மனத்தில் வைத்துச் செய்ததுதான். வெறுந்தலை எட்டாத இடத்தில் குழாயை வைப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: சிவிக் காருக்குள் பின் கேஜ் (முன் இருக்கைகளுக்குப் பின்னால் மட்டும் வரும் அரைக் கேஜ்) போட்டால் பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: கூடாது. பிரேக் அடித்தால் பிள்ளையின் முகத்துக்கு நேரே அந்த வளைவு இருக்கும். போர்ஷே தன் ஜிடி3 கார்களுக்குப் பின் கேஜ் தருகிறது. கேஜ் போட்டு வரும் அந்தக் கார்களில் பின் இருக்கையே கிடையாது. உங்கள் காருக்கு இரும்புக் கூரை இருக்கிறது. அதை அப்படியே விடுங்கள்.

கேள்வி: கேஜ் வேண்டாம், நாலு முனைப் பட்டி (இரண்டு தோளையும் இடுப்பையும் கட்டும் போட்டி பெல்ட்) மட்டும் போடலாமா? (வாழைச்சேனை)

பதில்: வேண்டாம். முன்மோதலில் இடுப்புப் பட்டி மேலேறி வயிற்றை அறுக்கும். கூரை நசுங்கினாலோ, சாதாரண பெல்ட்டில் உடம்பு சற்றுச் சரியும். இதில் நிமிர்ந்தபடியே மாட்டிக்கொள்ளும். காரோடு வந்த பெல்ட்டே நல்லது.

கேள்வி: எங்கள் கெப்புக்குப் பின்னால் எவர்சில்வர் ரோல் பார் இருக்கிறது. வேலையாட்கள் அதைப் பிடித்து நின்றுகொண்டு வரலாம்தானே? (சம்மாந்துறை)

பதில்: அது அலங்காரம். கெப் புரண்டால் முதலில் மடங்குவதே அதுதான். பிடித்து நிற்பதும் வேண்டாம்.

கேள்வி: கார் இல்லை, வாப்பாவின் உழவு இயந்திரம். இருக்கைக்குப் பின்னால் மடக்கும் பார் இருக்கிறது. மரத்தில் இடிக்கிறது என்று மடக்கியே வைத்திருக்கிறார். பரவாயில்லையா? (நிந்தவூர்)

பதில்: இவ்வளவு கேள்விகளில் உயிர் போகும் கேள்வி இதுதான். சுவீடன் 1959ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்கு இந்தப் பாரைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே புரண்டு சாவது வெகுவாகக் குறைந்தது. கார் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் புரளும். உழவு இயந்திரம் பின்னோக்கியும் புரளும். சேற்றில் புதைந்த எதையாவது இழுக்க அதில் சங்கிலியை உயரத்தில் மாட்டினால், கிளச்சை மிதிக்க முன் முன்சக்கரம் தலைக்கு மேலே வந்துவிடும். கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள்.

மரத்துக்குக் கீழே போகும்போது மடக்கட்டும், வெளியே வந்ததும் நிமிர்த்தட்டும். நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம், இல்லாவிட்டால் தூக்கி எறியப்பட்டு அந்தப் பாருக்குக் கீழேயே அகப்படுவார். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடவே கூடாது. அப்புறம், மட்காட்டில் யாரையும் இருத்திக்கொண்டு போக வேண்டாம் என்றும் வாப்பாவிடம் சொல்லுங்கள்.