ஸ்கைரிமின் கதையில் உண்மையான ஓட்டை எது?

"எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் ஒரு விளையாட்டு சொல்வதை அடுத்த விளையாட்டு மறுக்கிறது, ஸ்கைரிமிலும் கதை பல இடங்களில் ஒட்டவில்லை. இவற்றையெல்லாம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2002இல் வெளிவந்த மாரோவிண்டில் தொடங்கி, இந்தக் கணினி விளையாட்டுத் தொடரின் முதன்மை விளையாட்டுகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆடியவன். ரசிகர்கள் பட்டியலிடும் முரண்பாடுகளில் சில திட்டமிட்டே வைக்கப்பட்டவை, சில பிற்பாடு பூசி மெழுகப்பட்டவை. எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத ஓட்டை என்று நான் கருதுவது ஸ்கைரிமின் மையக் கதையிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லுமுன் மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

மாரோவிண்டில் நீங்கள் ஏற்கும் பாத்திரம், நெரெவார் என்ற பழைய போர்த்தலைவனின் மறுபிறப்பு என்று சொல்லப்படுகிறது. அந்த நெரெவார் எப்படி இறந்தான் என்று விளையாட்டுக்குள் யாரைக் கேட்டாலும் வெவ்வேறு பதில்தான் வரும். செம்மலைப் போரில் பட்ட காயங்களால் இறந்தான் என்கிறது கோயில் தரப்பு. கோயில் தடைசெய்த ஒரு நூலோ, அவனுடைய ஆலோசகர்களான அல்மலெக்சியா நஞ்சு கலந்த மெழுகுவர்த்திகளாலும், சோதா சில் நஞ்சு தோய்ந்த அங்கிகளாலும், விவெக் நஞ்சான மந்திரங்களாலும் அவனைக் கொன்றார்கள் என்கிறது. அந்த மூவரும்தான் இப்போது தெய்வங்களாக வணங்கப்படுகிறார்கள். விவெக்கை நேரில் சந்திக்கும்போது அவர் தன் தரப்பைத் தருகிறாரேயன்றி, உறுதியான சாட்சியம் எதையும் தருவதில்லை. செத்தவனே மறுபடி பிறந்து வந்து கேட்டும் தன் சாவின் உண்மை அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதைவிட ஆழமான ஒரு கதையமைப்பை நான் விளையாட்டுகளில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இதை முரண்பாடு என்று பட்டியலில் சேர்ப்பவர்கள், ஆளுக்கொரு சாட்சி சொல்லும் வழக்கைத் தீர்ப்பெழுதியவரின் பிழை என்று கொள்கிறார்கள்.

அடுத்தது 1996இல் வந்த டாகர்ஃபால். நூமிடியம் என்ற பித்தளைப் பேருருவை இயக்கும் பொருளை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் முடிவுகள் மாறும். ஒரு முடிவில் ஓர்க்குகளின் அரசன் வெல்கிறான், வேறொன்றில் பிணங்களை எழுப்பும் மந்திரவாதியான மன்னிமார்கோ தெய்வமாகிறான். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் கைவிடுவதுதான் தொடர்ச்சி எழுதுவோர் வழக்கமாகச் செய்வது. இவர்களோ எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன என்றார்கள். அவ்வுலகில் காலத்தின் தெய்வம் ஒரு டிராகன்; அந்த டிராகன் முறிந்தால் காலமும் முறியும். நூமிடியம் இயங்கியதும் காலம் முறிந்து, டாகர்ஃபாலின் கதை நடக்கும் இலியாக் வளைகுடாவின் 44 சிற்றரசுகள் விடிந்து பார்க்கும்போது 4 ஆகியிருந்தன என்று ஆப்லிவியன் விளையாட்டில் கிடைக்கும் ஒரு நூல் அறிக்கை வாசிக்கிறது. ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கப் போய், அந்த உலகத்தின் அடிப்படை விதியையே கண்டெடுத்திருக்கிறார்கள். இன்றும் இதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சைரோடீல் காட்டின் கதை அத்தனை அழகானதன்று. 1998இல் வந்த ரெட்கார்ட் விளையாட்டோடு கொடுக்கப்பட்ட கையேடு, பேரரசின் நடுநாடான சைரோடீலை முடிவில்லாத அடர்ந்த மழைக்காடு என்று வருணித்தது. 2006இல் ஆப்லிவியன் அந்த நாட்டைக் காட்டியபோது, ஐரோப்பியக் கிராமப்புறத்தைப் போன்ற புல்வெளியும் இலையுதிர் மரங்களுமே இருந்தன. பேரரசன் டைபர் செப்டிம் தெய்வநிலை அடைந்தபோது தன் படைவீரர்கள் மீது கொண்ட அன்பால் நிலத்தையே மாற்றினான் என்பது ஒரு சமாதானம். பழைய நூலைப் படியெடுத்தவர் செய்த எழுத்துப் பிழைதான் மழைக்காடு என்பது 2014இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் விவாதிக்கப்படும் மற்றொரு சமாதானம். ஆன்லைன் விளையாட்டு நடப்பது டைபர் செப்டிம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு. அவன்தான் காட்டை மாற்றினான் என்றால் அதில் மழைக்காடு இருந்திருக்க வேண்டும், அங்கும் இல்லை. முதல் ஓட்டையை அடைக்க வந்த இரண்டு ஒட்டுகளும் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டன. இது பிழைதான், ஐயமில்லை. ஆனாலும் இதனால் யாருடைய கதையும் கெடவில்லை. நிலத்தின் வருணனைதான் மாறிப்போயிற்று.

அளவுச் சுருக்கத்தையும் சிலர் ஓட்டை என்கிறார்கள். ஸ்கைரிமில் கிரேபியர்டுகள் என்ற துறவிகளின் மலைமடத்துக்குச் செல்லும் பாதைக்கு ஏழாயிரம் படிகள் என்று பெயர், எண்ணினால் ஆயிரத்தைக்கூட எட்டாது. இது மேடை நாடகத்தில் நான்கு பேர் படையாக வருவதைப் போன்றது, விட்டுவிடலாம்.

இனி நான் சொன்ன ஓட்டைக்கு, அதாவது ஸ்கைரிமில் வரும் டெல்ஃபீனுக்கு வருகிறேன். பிளேட்ஸ் என்பது டிராகன்பார்னை, அதாவது டிராகனின் ஆன்மாவோடு பிறந்த மனிதரைக் காத்து, அவருக்குப் பணிசெய்வதையே கடமையாகக் கொண்ட பழைய அமைப்பு. அதன் எஞ்சிய உறுப்பினர்களில் இருவரான டெல்ஃபீனும் எஸ்பெர்னும் அந்தக் கடமையை நம்மிடமே சொல்கிறார்கள். நாம்தான் டிராகன்பார்ன். அப்படியிருந்தும், மலையுச்சியில் வாழும் முதிய டிராகனான பார்தர்நாக்ஸை நாம் கொல்லும்வரை எந்த உதவியும் கிடையாது என்று அவர்கள் நிபந்தனை விதிக்கிறார்கள். பணியாள் எசமானுக்கு விதிக்கும் நிபந்தனை இது.

அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. பார்தர்நாக்ஸ் ஒருகாலத்தில், கதையின் முதன்மை எதிரியான ஆல்டுவின் என்ற டிராகனின் வலக்கையாக இருந்து கொடுமைகள் செய்தது உண்மை, அவரே அதை மறுப்பதில்லை. ஆனால் மனிதர்களுக்கு டிராகன்களின் மந்திரச் சொற்களைக் கற்பித்து, டிராகன்களுக்கு எதிரான பழைய போரில் அவர்களை வெல்ல வைத்ததும் அவரே. இதை எடுத்துச்சொல்ல ஒரு வரி உரையாடல்கூட நமக்குத் தரப்படவில்லை. பிளேட்ஸின் இருப்பிடமான ஸ்கை ஹேவன் கோயிலில், ஆல்டுவின் வரலாறு செதுக்கப்பட்ட சுவருக்கு அருகில் டெல்ஃபீன் முன் நான் நின்றபோது, ஒப்புக்கொள்ளவோ தட்டிக்கழிக்கவோதான் முடிந்தது. "அவரே எங்களுக்கு வழிகாட்டினார்" என்று வாதாட வழியில்லை. "நான் கட்டளையிடுகிறேன்" என்று சொல்லவும் வழியில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒடாவீங். ஆல்டுவினின் அணியில் நேற்றுவரை பறந்துகொண்டிருந்து, வைட்ரன் கோட்டையில் பொறிவைத்துப் பிடிக்கப்பட்ட பின்பே பக்கம் மாறிய டிராகன் அது. அதைக் கொல்லும்படி பிளேட்ஸிடமிருந்து பணி எதுவும் வருவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் தவமிருந்தவரின் தலை வேண்டும், நேற்று மனம் மாறியவரைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், அவர்கள் கூறும் நீதி எந்த நீதி? நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படலாம், தேசங்களின் நினைவும் முரண்படலாம். நம் எதிரே நின்று பேசும் ஒருவர் தன் வாக்குக்கே முரணாக நடந்து, அதை அவ்வுலகில் ஒருவர்கூடச் சுட்டிக்காட்டவில்லை என்றால், அதைத்தான் நான் கதையின் ஓட்டை என்பேன்.

இதன் காரணத்தின் ஒரு பகுதி தொழில்முறை சார்ந்தது என்று எண்ணுகிறேன். மாரோவிண்டில் உரையாடல் பெரும்பாலும் எழுத்தாக இருந்ததால், ஒரு மறுமொழியைச் சேர்ப்பது ஒரு பத்தி எழுதும் வேலையாகவே இருந்தது. ஆப்லிவியன் முதல் எல்லாம் குரலில் பதிவாகிறது. ஆட்டக்காரர் எந்தப் பணியை எந்த வரிசையில் முடிப்பார் என்று தெரியாத திறந்த உலகில், ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு குரல்வரியைப் பதிவுசெய்வது கடினம். ஆனால் பார்தர்நாக்ஸ் பணி மையக் கதையை ஒட்டியே வருவது. அங்கே நான்கைந்து வரிகள் கூடுதலாகப் பதிவுசெய்திருந்தால் போதும்.

விளையாட்டை மாற்றியமைக்கும் ரசிகர்கள் பிறகு அந்த வரிகளைத் தாங்களே சேர்த்து, டெல்ஃபீனுக்கு மறுப்புச் சொல்லும் வழியை ஒரு மோடாக வெளியிட்டார்கள். நான் அதை நிறுவவில்லை. என் குறிப்பேட்டில் அந்தப் பணி முடியாமலே கிடக்கிறது. ஸ்கை ஹேவன் கோயில் பக்கம் நான் போவதில்லை. அவ்வப்போது மலையுச்சிக்குப் போய், பார்தர்நாக்ஸிடம் ஒரு சொல்லைத் தியானிக்கக் கேட்டுவிட்டு வருகிறேன்.