கேபினிலிருந்து கேள்வி பதில்: புரொஜெக்டர் நின்றால் யார் வருவார்?

புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் உண்டாக்கிய கடைசிக் காலத்தில் வடசென்னைத் தியேட்டர் ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். செனான் வாயு லாம்ப், டிஜிட்டல், லேசர் என்று எல்லாவற்றையும் கேபினுக்குள், அதாவது புரொஜெக்டர் அறைக்குள் இருந்தே பார்த்துவிட்டேன். மெஷின் பழுது, கம்பெனி சர்வீஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சவுண்ட் என் துறை இல்லை. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

திருவொற்றியூர் ஆபரேட்டர்: அண்ணே, 2012-ல் போட்ட செனான் மெஷின். படம் மங்கலா இருக்குன்னு ஜனங்க சொல்றாங்க. லேசருக்கு மாறலாமான்னு முதலாளி கேட்கிறார்.

பதில்: முதலில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள் தம்பி. திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட்லாம்பர்ட் இருக்க வேண்டும் என்பது, ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ சொல்லும் அளவு. மங்கல் என்று கூப்பிட்டு நான் போன பல இடங்களில் லாம்ப் வாரண்டி மணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ரிஃப்ளெக்டரில் தூசு, கேபின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். கண்ணாடியைத் துடைத்து, புது லாம்ப் போட்டு, அலைன்மென்ட் சரி செய்து, மறுபடி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால் லேசரைப் பற்றிப் பேசலாம்.

லேசர் 20,000 மணி, 30,000 மணி உழைக்கும் என்பார்கள். அந்த மணி முடியும்போது எத்தனை சதவீத வெளிச்சம் மிச்சமிருக்கும் என்று கேளுங்கள். 80 சதவீதமா, 50 சதவீதமா? இரண்டுக்கும் நடுவில் பல வருட வித்தியாசம் இருக்கிறது. லாம்பை நீங்களே மாற்றலாம். லேசர் பகுதி போனால் கம்பெனி ஆள் வந்தால்தான் உண்டு.

இன்னொன்று. ஷோ முடிந்ததும் மெயினை இழுக்காதீர்கள். லாம்பை அணைத்த பிறகு ஃபேன் தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

வியாசர்பாடி, சின்ன ஹால் நடத்துபவர்: எந்த பிராண்ட் மெஷின் நல்லது?

பதில்: டிஎல்பி, அதாவது நுண்ணிய கண்ணாடிகள் உள்ள சிப்பால் படம் காட்டும் சினிமா மெஷின் என்றால் பார்கோ, கிறிஸ்டி, என்இசி ஆகிய மூன்று பெயர்களைத்தான் நம் பக்கம் அதிகம் கேட்பீர்கள். மூன்றுக்கும் உள்ளே படத்தை உண்டாக்கும் சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்தது. மூன்றும் ஓடும், மூன்றும் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு யார் வருவார், எத்தனை மணிக்குள் வருவார், கையில் என்ன போர்டு கொண்டுவருவார் என்பதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

ஒரு பொங்கல் சமயம், நான் இருந்த ஹாலில் பவர் சப்ளை போர்டு போய்விட்டது. ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தது, பணமும் கட்டியிருந்தோம். இன்ஜினியர் மறுநாளே வந்தார். ஆனால் போர்டு சென்னையில் இல்லை, மும்பையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஒன்பது நாள். பண்டிகை வசூல் மொத்தமும் பக்கத்துத் தியேட்டருக்குப் போனது. ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. ஆள் வர நேரம் குறித்திருந்தார்களே தவிர, பாகம் வர நேரம் எதுவும் எழுதவில்லை.

அதனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். பவர் சப்ளை, லாம்புக்கு மின்சாரம் தரும் லாம்ப் டிரைவர், படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டும் மீடியா பிளாக் போர்டு மூன்றும் இந்தியாவில் ஸ்டாக்கில் இருக்கிறதா? இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை வருடம் பாகம் தருவதாக எழுதிக் கொடுப்பார்கள்? பாகம் வரத் தாமதமானால் மாற்று மெஷின் கொண்டுவந்து வைப்பார்களா? வாயால் சொல்வது போதாது, தாளில் வர வேண்டும். கம்பெனிகளே கைமாறுகின்றன. என்இசியின் டிஸ்ப்ளே பிரிவு 2020-ல் ஷார்ப்போடு சேர்ந்தது. அப்போதெல்லாம் உங்கள் கையில் நிற்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

கொளத்தூரிலிருந்து: வீட்டு மொட்டை மாடிக்கு என்ன புரொஜெக்டர் வாங்கலாம்?

பதில்: அது வேறு சாமான். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரியுங்கள்.

பெரம்பூர்: நாற்காலி மாற்ற நான்கு மாதம் ஹாலை மூடுகிறோம். அதுவரை மெஷினுக்கு மெயினை ஆஃப் செய்து வைக்கலாமா?

பதில்: நான்கு மாதமும் தொடர்ந்து ஆஃபில் வைக்கவே வேண்டாம். டிஜிட்டல் மெஷினின் மீடியா பிளாக்கில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. படத்தைத் திறக்கும் ரகசியச் சாவிகளைக் காப்பாற்றுவது அதுதான். அது செத்தால் மெஷினின் அடையாளச் சான்றிதழே அழிந்துவிடும். யாரும் திருடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதற்கப்புறம் அந்த போர்டு கம்பெனிக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும், இல்லை புதுசு வாங்க வேண்டும்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தியேட்டர்கள் நவம்பர் 10-ல் திறந்தன. கரண்ட் பில் மிச்சம் என்று மெயினை இழுத்துவிட்டுப் போன ஒரு ஹாலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். லாம்ப் எரிந்தது, ஃபேன் ஓடியது, படம் மட்டும் வரவில்லை. பேட்டரி போயிருந்தது. அந்த ஆபரேட்டர் கேபின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடிகாரமும் இருக்கிறது. படத்தின் பூட்டைத் திறக்க ஹாலுக்கு அனுப்பும் கேடிஎம் சாவி இந்தத் தேதி, இந்த மணியிலிருந்து இந்த மணிவரை என்றுதான் வரும். உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கடிகாரத்தை நீங்களாக வருடத்துக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் திருத்த முடியாது. ஆகவே வாரம் ஒருமுறையாவது மெஷினைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பேட்டரி மாற்றிய தேதியைக் கேபின் சுவரில் எழுதி வையுங்கள். நாற்காலி வேலைத் தூசு கேபினுக்குள் வராமல் கதவு இடுக்கை ஒட்டி அடைத்துவிடுங்கள். அப்புறம், ஓடவிட்ட பிறகு ஃபேன் நிற்கும்வரை மெயினைத் தொடாதீர்கள்.

தண்டையார்பேட்டை: பார்கோ நல்லதா, கிறிஸ்டி நல்லதா?

பதில்: வியாசர்பாடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காசிமேடு பக்கம் ஒரு மினி ஹால்: இரண்டு வருடத்தில் மூன்று போர்டு போச்சு. கம்பெனி எங்கள் மேலேயே பழி போடுகிறது.

பதில்: இதில் கம்பெனி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. கடல் காற்றில் உப்பு ஈரம், அதோடு சாக்கடை வாயு. கந்தகம் கலந்த காற்று செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். கனெக்டர் கறுத்தால் போர்டு நல்லா இருந்தாலும் மெஷின் தகராறு செய்யும். ஏசியை ஷோ நேரத்தில் மட்டும் போடாமல் கேபினை எப்போதும் காய்ந்தபடி வையுங்கள். வெளிக்காற்றை நேராக உள்ளே இழுக்கும் ஃபேனை அடைத்துவிடுங்கள். எர்த் குழியை ஆள் வைத்து அளந்து பாருங்கள். நியூட்ரல் ஒருமுறை கழன்றால் போதும், ஒரே நாளில் இரண்டு போர்டு போய்விடும். இவ்வளவும் செய்து, அளந்த தாளையும் வைத்துக்கொண்டு கம்பெனியிடம் பேசுங்கள். அப்போது அவர்களால் உங்கள் மேல் பழி போட முடியாது.

பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆபரேட்டர்: தம்பி, இவ்வளவு பயம் எங்களுக்கு இருந்ததே இல்லை. பிலிம் மெஷின் நாற்பது வருஷம் ஓடுச்சு. கம்பெனிக்காரன் முகத்தையே நான் பார்த்ததில்லை.

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது நிஜம். பிலிமை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நகர்த்தும் அந்தச் சிலுவைச் சக்கரம் நொடிக்கு 24 முறை வேலை செய்யும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 முறை. அது எண்ணெயில் மூழ்கிக்கொண்டு வருடக்கணக்கில் உழைத்தது. தேய்ந்தால் பாரிமுனையில் பேரிங் வாங்கி, பட்டறையில் உருளை கடைந்து, மறுநாள் மார்னிங் ஷோவுக்குள் ஓட்டியிருக்கிறோம். மெஷின் முழுக்க நம் கைக்குள் இருந்தது.

மின்ட், இளம் ஆபரேட்டர்: ஆனா ஐயா, நூறாவது நாள் பிரிண்ட் எப்படி இருந்துச்சு? கோடு, வெட்டு, ஒட்டு. டிஜிட்டல்ல முதல் ஷோவும் நூறாவது ஷோவும் ஒண்ணு.

பழைய வண்ணாரப்பேட்டை: கோடு விழுந்தாலும் படம் ஓடிச்சுல்ல? உன் மெஷின் நின்னா மொத்த ஹாலும் இருட்டு.

வியாசர்பாடி: ரெண்டாவது மெஷின் இருந்ததால ஓடிச்சு ஐயா. அன்னைக்கு ஒவ்வொரு கேபின்லயும் ரெண்டு மெஷின். இப்போ ஒண்ணுதான்.

பதில்: வியாசர்பாடிக்காரர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். 2,000 அடி ரீல் இருபது நிமிடத்துச் சொச்சத்தில் முடியும் என்பதால் மாற்றி ஓட்ட இரண்டு மெஷின் வைத்தோம். ஒன்று படுத்தால் மற்றதில் சமாளித்தோம். டிஜிட்டலில் அந்த மாற்று போனது, பழுது பார்க்கும் உரிமையும் போனது. மீடியா பிளாக்கைக் கழற்றினால் மெஷினுக்கும் அதற்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடும். அங்கீகாரம் உள்ளவர் வந்து திரும்ப இணைக்கும்வரை பூட்டுள்ள படம் ஓடாது. நம் ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே கைவைக்க முடியாது. ஐயாவின் கோபம் எனக்கும் உண்டு. மின்ட் தம்பி சொல்லும் படத் தரத்தையும் விட்டுத்தர எனக்கு மனசில்லை. பூட்டைக் கம்பெனி வைத்திருக்கும்போது, நேரத்துக்கு வந்து திறக்கும் கடமையும் கம்பெனிக்குத்தான் இருக்கிறது. அதை முதலாளிகள் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் டிஜிட்டல் கம்பெனிகள் படத்துக்கு வாங்கும் விபிஎஃப் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் புதுப்பட ரிலீஸையே நிறுத்தினார்கள். உதிரி பாகத்துக்காக ஹால்காரர்கள் சேர்ந்து ஒரு கடிதமாவது எழுதலாமே.

மாதவரம்: சோனி 4கே பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். படம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் சோனி தியேட்டர் புரொஜெக்டர் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. அதன் சிப் டிஎல்பி இல்லை, வேறு கம்பெனி பாகம் எதுவும் சேராது. மலிவு விலைக்குக் காரணமே அதுதான்.

எண்ணூர்: முகக் கவசம் இல்லாமல் செனான் லாம்ப் மாற்றலாமா? ஆறின பிறகுதான் மாற்றுகிறோம்.

பதில்: ஆறினாலும் உள்ளே அழுத்தம் இருக்கிறது. எரியும்போது அது ஏறக்குறைய மூன்று மடங்கு. வெடித்தால் குவார்ட்ஸ் சில்லு கண்ணுக்குத்தான் வரும். முகக் கவசம், கையுறை, தடித்த கோட்டு மூன்றும் இல்லாமல் லாம்ப் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் லாம்ப் மாற்ற மாட்டேன் என்று சொல்லுங்கள். ஷோ முடிந்ததும் மெயினை இழுக்கும் ஹாலில் லாம்ப் இன்னும் சீக்கிரம் கெடும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை: எந்த பிராண்ட் அண்ணே நல்லது?

பதில்: உங்கள் ஹாலுக்கு ஆறு மணி நேரத்துக்குள் பாகத்தோடு வந்து நிற்பவர் யாரோ, அவர் விற்கும் மெஷின்.

பெரம்பூர் மறுபடியும்: பேட்டரி மாற்றிய தேதி யாருக்கும் தெரியவில்லை. மெஷின் 2014-ல் வந்தது.

பதில்: அப்படியானால் ஹாலை மூடும் முன்பே கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். இன்றைக்கே போன் செய்யுங்கள். அவர் வரும்வரை மெஷினின் மெயின் ஆனிலேயே இருக்கட்டும்.