நகர வறுமையும் சொத்து வரியும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: வளரும் நாடுகளின் நகரங்களில் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உலக வங்கி தொடங்கிப் பல அமைப்புகள் பணம் தருகின்றன. ஆனாலும் குடிசைப் பகுதிகளின் நிலை மாறக் காணோமே? உள்ளாட்சிகளே கூடுதலாக வரி வசூலித்தால், அந்தச் சுமையும் ஏழைகள் தலையில்தானே விழும்?

பதில்: வெளியிலிருந்து வரும் நிதி பெரும்பாலும் கட்டுவதற்கு வருகிறது, நடத்துவதற்கு வருவதில்லை. திட்ட நிதியில் ஒரு பொதுக் கழிப்பறையைக் கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிடலாம். ஆனால் அதைக் கழுவுகிறவரின் சம்பளம், மோட்டாரின் மின்கட்டணம், நிரம்பிய தொட்டியை உறிஞ்ச வரும் வண்டியின் செலவு ஆகியவற்றுக்கு நகராட்சியின் சொந்த வருவாயில் வழி இல்லையென்றால், மோட்டார் பழுதாகும் நாளில் கதவில் பூட்டுத் தொங்கும். குடிநீரும் அப்படித்தான். குழாய் எட்டாத பகுதியில் குடியிருப்பவர் லாரித் தண்ணீரையோ குடத் தண்ணீரையோ விலைக்கு வாங்குகிறார். வீட்டு இணைப்பு உள்ளவர் லிட்டருக்குத் தருவதைவிடப் பல மடங்கு தருகிறவர் பெரும்பாலும் அவர்தான். எனவே வரியை உயர்த்தாமல் விட்டால் ஏழைக்குச் சுமை இராது என்ற கணக்கு சரியன்று.

யாரிடம் வசூலிப்பது என்பதில்தான் உங்கள் அச்சம் நியாயமாகிறது. பல நகராட்சிகள் தரையில் கூடை வைத்து விற்கிறவரிடம் நாள் தவறாமல் சீட்டுக் கிழித்துக் காசு வாங்குகின்றன. பல மாடிக் கட்டடமோ வரிப் பதிவேட்டிலேயே இருக்காது, இருந்தாலும் பல்லாண்டுகளுக்கு முந்தைய மதிப்பில் இருக்கும். இது பணியாளர் பற்றாக்குறையால் மட்டும் நேர்வது என்று நான் நம்பவில்லை. கட்டடத்தின் உரிமையாளருக்குச் செல்வாக்கு உண்டு, கூடைக்காரருக்கு இல்லை.

சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுன் இதைத் திருத்த முயன்ற விதம் கவனிக்கத்தக்கது. அங்கே பழைய முறையில் வீட்டின் பரப்பளவே வரியைத் தீர்மானித்ததால், ஒரே அளவுள்ள மாளிகைக்கும் தகர வீட்டுக்கும் வரியில் பெரிய வேறுபாடு இல்லை. மேயர் இவோன் அகி-சாயர் காலத்தில், 2020-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு விடுபட்ட கட்டடங்களைக் கண்டுபிடித்தது. கூரை, சுவர், சாலை வசதி என வெளியிலிருந்தே பார்த்து அறியக்கூடிய கூறுகளுக்குப் புள்ளிகள் இட்டு மதிப்பைக் கணித்தது. பதிவேட்டில் சொத்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது. வசதியான வீடுகளின் வரி ஏறியது, எளிய வீடுகள் பலவற்றின் வரி இறங்கியது.

வரும் பணத்தை எங்கே செலவிடுவது என்பதில் மக்களுக்குப் பங்கிருந்தால் வரி கட்டும் மனமும் வருகிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் வட்டாரக் கூட்டங்களில் மக்களையே முன்னுரிமைகளை முடிவு செய்யச் சொன்னது. அதன் பிறகு குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் ஏழைப் பகுதிகளுக்கு விரிந்தன.

மேலே இருக்கும் அரசு குறுக்கே நின்றால் இவையெல்லாம் முடங்கிவிடும். செனகலின் டக்கார் நகரம் தெரு வியாபாரிகளுக்கான சந்தை வளாகம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட ஆயத்தமாக இருந்தபோது, 2015-இல், நாட்டின் அரசு கடைசி நேரத்தில் அதைத் தடுத்தது. வரி போடவே போதிய சொத்து இல்லாத சிறு நகரங்களோ அரசின் நிதிப் பகிர்வையே நம்பி இருக்கின்றன. அந்தப் பகிர்வு மக்கள்தொகையையும் வறுமையையும் கணக்கில் கொண்ட சூத்திரத்தின்படி, நிதியாண்டின் தொடக்கத்திலேயே தெரிவிக்கப்பட்டு, தவணை தவறாமல் வந்தால்தான் துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தை அதை நம்பித் திட்டமிட முடியும்.